அப்பா பழுதுபார்த்த தெரு ஜன்னல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அப்பாவோடு வேலை பார்த்தவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பா காலமாகி ஓர் ஆண்டு நிறைகிறது. முதல் பக்கத்தில் அப்பாவின் படத்தைத் தம்பி நன்றாகவே போட்டிருக்கிறான். லேசாகச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. அந்தச் சிரிப்பைக் கம்ப்யூட்டரில் வரவழைத்தார்கள். வரவழைத்தவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, நினைவு மலர் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். நான் படித்த நினைவு மலர்களில் இதுவரை ஒரு கெட்ட மனுஷர்கூடச் செத்ததில்லை. எல்லோரும் ஏழைக்கு இரங்கியவர்கள், எறும்புக்கும் தீங்கு நினையாதவர்கள். அப்படியானால் இந்த வட்டாரத்தில் இத்தனை காலம் நம்மை ஆட்டிப்படைத்தவர்கள் எல்லாம் எந்த ஊரில் போய்ச் செத்தார்களோ, தெரியவில்லை.

தம்பிதான் என்னை எழுதச் சொன்னான். "அக்கா, நீ எழுதுனாத்தான் நல்லாருக்கும். அந்த ஜன்னலப் பத்திக் கண்டிப்பா எழுது. வர்றவுக எல்லாரும் அப்பா கையால செஞ்சதுன்னு அதத்தான் பெருசாச் சொல்லுவாக" என்றான். எழுதுகிறேன். உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணிக்கு நோப்பாளம் என்பார்கள். கோபம் வருகிறவர்கள் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடலாம்.

அப்பா விருதுநகருக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தவர். பெற்ற தாய் சீக்கிரமே போய்விட்டார். பருத்திக்காட்டில் வேலை, வேலை இல்லாத மாதங்களில் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவது, ஒட்டியது கோணினால் அடி. இப்படித்தான் வளர்ந்தார். மீசை முளைக்கும் முன்பே விருதுநகரில் மிளகாய் மண்டியில் மூட்டை தூக்கினார். வற்றல் நெடியில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போது அப்பா மட்டும் சும்மா நிற்பாராம். "ஒங்கப்பன் கண்ணுல அன்னைக்கும் தண்ணி வரல" என்று பெரியப்பா பெருமையாகச் சொல்லுவார். எங்களுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருந்ததில்லை.

பிறகு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கூலிக்குச் சேர்ந்தார். குழாய் சுற்றி, திரி நறுக்கி, வெடிமருந்து சலித்துக் கலந்து, எல்லா வேலையும் பழகி, கடைசியில் போர்மேன் ஆனார். நல்ல பழக்கங்களைச் சொல்லாமல் விடக்கூடாது. அப்பா குடித்ததில்லை. சீட்டைத் தொட்டதில்லை. கம்பெனி வேன் தெருமுனைக்கு வருவதற்கு முன்பே போய் நிற்பார், பிந்தி வருகிறவர்களை வேனில் ஏற விடாமல் வெயிலில் நடக்க வைப்பார். சொந்த வீடு கட்டினார். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். இது எல்லாம் உண்மை, இதற்கு நாங்கள் கடன்பட்டவர்கள்தான்.

ஆனால் அப்பாவின் வாய் உங்களுக்கும் தெரியும். நான் வாழப் போன இடத்தில் வாழ முடியாமல் பெட்டியோடு திரும்பி வந்த அன்று அப்பா வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பஸ்சுக்குக் காசு யாரு குடுத்தா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும், "இது மூத்தது. ரிட்டன் லோடு" என்று என்னைக் காட்டிச் சொல்லுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் சிலர் இந்த மலரை இப்போது படித்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் நன்றாக இருங்கள்.

சரி, ஜன்னலுக்கு வருகிறேன்.

அப்பா வீடு கட்டும்போது தெருப் பக்கத்து ஜன்னலுக்கு மேலே சன்சேடு போடவில்லை. "இந்த ஊருல என்ன மழை கொட்டப்போகுது? சன்சேடு தண்டம்" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டார். எச்சில் கையால் காக்கை விரட்டாத ஆள் சிமெண்டை வெளியே நீட்டுவாரா? மழை என்னவோ கொஞ்சம்தான், ஆனால் பெய்ததெல்லாம் அந்த ஜன்னல் சட்டத்தில்தான் இறங்கியது. ஐப்பசி கார்த்திகையில் சட்டம் ஊறும், பங்குனி சித்திரையில் வெயிலில் வெடிக்கும். அடிச்சட்டமும் இடது பக்கத்துக் காலும் இத்துப்போயின. அம்மா வீடு கூட்டும்போது விளக்குமாற்று நுனி பட்டாலே ரவை மாதிரி உதிரும். ஜன்னல் கதவைச் சாத்தினால் கீல் சட்டத்தை விட்டுக் கையோடு வரும்.

அம்மாவுக்கு அந்த ஜன்னல்தான் ஊர் உலகம். காய்கறி நறுக்குவது, பூக்கட்டுவது, வேனுக்குப் போகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசுவது எல்லாம் அங்கே உட்கார்ந்துதான். "ஆசாரியக் கூப்பிட்டு அந்தச் சட்டத்த மாத்திக் குடுங்க" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா, "தெருவப் பாத்து என்னத்தக் கிழிக்கப்போற?" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த நிலைமையில்தான் கம்பெனியில் விபத்து நடந்தது. தீபாவளி நெருங்குகிற நேரம், சீசன் உச்சம். ஒரு ரூமுக்கு இத்தனை ஆள், இவ்வளவு மருந்து என்று கணக்கு இருக்கிறது. சீசனில் அந்தக் கணக்கை யார் பார்த்தார்கள்? மருந்து கலக்கிற ரூமில் மாடசாமி என்பவர் இருந்தார். எங்கள் பக்கத்துத் தெருக்காரர், அமைதியான ஆள். காலையில் கலந்ததையே இன்னும் அப்புறப்படுத்தவில்லை, அதற்குள் அடுத்த லோடா என்று அவர் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா சொன்ன பதில் பக்கத்து ரூமில் திரி நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் காதில் விழுந்திருக்கிறது.

"பயந்தா பருத்தி பெறக்கப் போலே. ஆர்டர் நிக்குது, கலக்கு."

அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் ரூம் போய்விட்டது. மாடசாமியும் போய்விட்டார். விசாரணைக்கு வந்தவர்களிடம் அப்பா, "அவன் சூதானமில்லாமக் கலக்கிட்டான்" என்று வாக்குமூலம் கொடுத்தார். அதுவே எழுத்தில் ஏறியது. திரி நறுக்கிய பெண்களை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவர்கள் மறுநாள் வேலைக்கு வர வேண்டுமே.

வெடித்த ரூமை இடித்துத் தள்ளியபோது மரச் சாமானை எல்லாம் விலைக்குப் போட்டார்கள். நம் சுற்றுப்பட்டியில் யாரும் அப்படிப்பட்ட மரத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அடுப்புக்குக்கூட எடுக்க மாட்டார்கள். எங்கேயோ தூரத்துச் செங்கல் சூளைக்குப் போய்விடும். மாடசாமி ரூமின் கதவு நிலை ஒன்று வெடித்த வேகத்தில் வெளியே காட்டில் போய் விழுந்து முழுசாகக் கிடந்திருக்கிறது. ஒரு முகம் மட்டும் கரிந்திருந்தது. அப்பா அதை வாங்கி டயர் வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அம்மா வாசலிலேயே மறித்தாள். "ஆளு செத்த ரூம் மரங்க. வேண்டாங்க. எனக்கு ஜன்னலே வேண்டாம்."

"வேணும் வேணும்னு உசுர எடுத்தேல்ல? இந்தா, பர்மா தேக்கு. வச்சுக்கோ" என்றார் அப்பா.

அது தேக்கும் இல்லை, பர்மாவும் இல்லை. சாதாரண வாகை மரம்தான். மெருகு போட்டிருந்ததால் அப்பாவுக்குத் தேக்காகத் தெரிந்தது. ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆசாரி வந்தார், நிலையைப் பார்த்தார், கரிந்த முகத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, இதுல நான் உளி வைக்க மாட்டேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்பா, "போறான் பாரு, வெறும்பய" என்று சொல்லிவிட்டுத் தாமே வேலையில் இறங்கினார். தம்பி எழுதச் சொன்ன 'அப்பா கையால செஞ்சது' என்பது இந்த இடத்தில்தான் வருகிறது.

வேலையை அப்பா எப்படிச் செய்தார் என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், பிடி பிடி என்று என்னைத்தான் பிடிக்க வைத்தார். இத்துப்போன இடத்தை நல்ல மரம் தெரிகிற வரைக்கும் வெட்டி எடுக்க வேண்டும். அப்பா பாதிதான் வெட்டினார். எல்லாவற்றையும் வெட்டினால் சுவரைக் கொத்த வேண்டும், சிமெண்டு வாங்க வேண்டும். திருப்புளியால் குத்திப் பார்த்து, கையோடு வந்ததை எடுத்துவிட்டு, வராததை அப்படியே விட்டுவிட்டார். புது மரத்தை அந்தப் பழைய அழுகலோடு சேர்த்து வச்சிரம் போட்டு ஒட்டினார். கரிந்த முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார், யாருக்கும் தெரியாது பாருங்கள்.

சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே சந்து விழுந்தது. அதற்கு அப்பா ஒரு யோசனை செய்தார், நம் ஊர்க்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. கம்பெனியில் கழித்துப் போட்ட காகிதக் குழாய்களைக் கொண்டுவந்து, பசையில் முக்கி, சந்து பூராவும் அடைத்தார். "கம்பெனிப் பசைய வச்சாக் கரையான் அண்டாது. எந்த வெடியிலயாவது கரையான் ஏறிப் பாத்திருக்கியா?" என்றார். கம்பெனிப் பசையில் கரையான் ஏறாததற்குக் காரணம் அதில் கலக்கிற மயில்துத்தம். அப்பா வீட்டில் அம்மாவைக் காய்ச்சச் சொன்னது வெறும் மைதா. துத்தம் வாங்கலையா என்று அம்மா கேட்டாள். "அது வேற தண்டம்" என்றார். இவ்வளவு காலம் பசைக்கு நடுவிலேயே பிழைத்த மனுஷர் கரையானுக்குத் தாமே சோறு ஆக்கி ஊட்டிவிட்டார்.

மேலே மக்கு வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்ததும் ஜன்னல் ஜம்மென்று ஆகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அப்பா விரலால் தட்டிக் காட்டுவார். "அண்ணாச்சிக்குத் தெரியாத சோலி இல்ல" என்று நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள்.

இனி அந்த முளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்து கலக்கிற ரூமில் இரும்பு ஆணி அடிக்கக்கூடாது, உரசினால் பொறி வரும். அதனால் மாடசாமி சட்டையையும் தூக்குவாளியையும் மாட்டுவதற்கு அந்த நிலையின் வெளிப்பக்கத்தில் ஒரு மர முளை செருகி வைத்திருந்தார். அப்பா நிலையை அறுத்து ஜன்னலுக்கு வைத்தபோது அந்த முளை இடது காலில் உள்பக்கமாக வந்து நின்றது. "தோதாத்தான் வச்சிருக்கான்" என்று சொல்லித் தம்முடைய சட்டையைக் கழற்றி அதில் மாட்டினார்.

மாடசாமியின் மனைவி பேச்சியம்மாள் அதே கம்பெனியில் பேக்கிங்கில் வேலை பார்த்தார். புருஷனைத் தின்ற இடம் என்று வேலைக்குப் போகாமல் இருக்க அவருக்கு வசதி இல்லை. எங்கள் ஜன்னலைத் தாண்டித்தான் வேனுக்குப் போவார். பெயிண்ட் காய்ந்த கொஞ்ச நாளில் ஒரு காலை, போகிற போக்கில் ஜன்னல் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அந்த முளை எங்கன இருந்து வந்துச்சு?"

அம்மா திரும்பி முளையைப் பார்த்தாள்.

"அது எங்க வீட்டுக் கொய்யாக் கம்புக்கா. அவரு எங்க வாசல்ல ஒக்காந்து சீவுனது. நாந்தான் அருவாமனை எடுத்துக் குடுத்தேன். மத்தியானம் சோத்துவாளிய நானே கொண்டுபோயி அதுல மாட்டிட்டு வருவேன்."

அப்பா உள்ளே இருந்து வந்தார். பேச்சியம்மாள் கம்பியை விட்டுவிட்டுத் தள்ளி நின்று கேட்டார். "அண்ணாச்சி, அந்த மரத்தக் குடுத்துருங்க. அவரு தொட்ட சாமான்னு எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"மரத்துல அவன் பேரா எழுதியிருக்கு? வெல குடுத்து வாங்கியிருக்கேன்."

"மரம் வேண்டாம். அந்த முளைய மட்டுமாச்சும் புடுங்கிக் குடுங்க."

"புடுங்குனா ஓட்ட விழும். மக்கு வைக்க நீ வருவியா?"

என் அப்பாதான் இப்படிச் சொன்னார். நான் வேலைக்குப் போகிற பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கேதான் நின்றேன். வேன் ஹாரன் அடித்தது, பேச்சியம்மாள் போய்விட்டார்.

மறுநாளும் நின்றார். அதற்கு மறுநாளும். வையவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. ஜன்னலுக்கு நேரே வந்ததும் நடை நிற்கும், முளையைப் பார்ப்பார், போவார். அம்மா அப்பாவின் சட்டையை எடுத்துக் கொடியில் போட்டாள். அப்பா, "எங்க கழத்துனியோ அங்கனயே மாட்டு" என்றார். மாட்டினாள். இறந்துபோன மனுஷரின் முளையில் எங்கள் அப்பாவின் சட்டை தொங்க, பேச்சியம்மாள் தினமும் அதைப் பார்த்துவிட்டுப் பட்டாசு அடுக்கப் போனார். இதைச் சகித்துக்கொண்டு சாப்பிட்டோமே, நாங்களும் மனுஷர்கள்தானா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ஒரு நாள் அம்மா அடக்கமாட்டாமல் கேட்டாள். "குடுத்துத் தொலைங்களேன். பாவம் நம்மளச் சும்மா விடாது."

அப்பா சத்தம் போடவில்லை. நிதானமாகச் சொன்னார். "குடுத்தா என்ன அர்த்தம்? நாந்தான் கொன்னேன்னு அர்த்தம். அவன் சூதானமில்லாமக் கலக்குனான்னு சொல்லியிருக்கேன். சாகுற வரைக்கும் அதுதான் பேச்சு. அந்த மரம் இங்கனயேதான் இருக்கும்."

அப்பா போன பிறகு துக்கத்துக்கு வந்த சித்தப்பா ஒருவர், "மனசு கேக்காமத்தான் அண்ணன் அந்த மரத்த வாங்கி வீட்டுல வச்சிருக்காரு, அது ஒரு பிராயச்சித்தம்" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். தம்பி அந்த வரியை இந்தக் கட்டுரையில் சேர்க்கச் சொன்னான். சித்தப்பா மன்னிக்க வேண்டும். நான் அப்பாவிடமே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், எதற்காக அந்த மரத்தை வாங்கினீர்கள் என்று. அப்பா பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல் "மலிவு" என்றார். செத்தவர் வாயில் அவர் சொல்லாத நல்ல வார்த்தையை நான் வைக்க மாட்டேன்.

வருஷங்கள் ஓடின. பொங்கலுக்குப் பொங்கல் அப்பா அந்த ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பார். வீட்டின் மற்ற ஜன்னல்களுக்கு அடிக்க மாட்டார். ஓரத்தில் கரையான் மண் கோடு கிழித்திருந்தால் சுரண்டிவிட்டு அதன் மேலேயே அடிப்பார். பெயிண்ட் கனத்துக்கொண்டே போனது. பேச்சியம்மாளின் தலை நரைத்தது. நின்று பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. தெருவில் யாருக்கும் அது விசேஷமாகவே படவில்லை, பால்காரர் வருகிற மாதிரி அதுவும் ஒன்றாகிவிட்டது.

பிறகு அப்பா நோயில் விழுந்தார். காலமெல்லாம் மருந்துத் தூசியைச் சுவாசித்த நெஞ்சு, வேறு எப்படி இருக்கும்? மாடிப்படி ஏற முடியவில்லை, பிறகு நடக்க முடியவில்லை, பிறகு படுத்தால் மூச்சு முட்டியது. மதுரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். காற்று வேண்டும் என்று கேட்டார். தெரு ஜன்னலுக்குக் கீழேயே கட்டிலைப் போட்டோம். தலைமாட்டில் அந்த இடது கால், அதில் முளை. எழுந்து நடமாடாத மனுஷருக்குச் சட்டை எதற்கு? முளை வெறுமனே இருந்தது.

அந்த மாதங்களில் அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. கஞ்சி சூடு குறைந்தால் தட்டிவிடுவார். தட்டிவிட்டு, "ஒழுங்காப் புடிக்கத் தெரியல" என்பார். மூச்சு இழுக்கிற இழுப்பிலும் என்னைப் பார்த்து, "ஒனக்கு நல்லதாப் போச்சு, இனி இந்த வீட்டுல நீதான் அதிகாரம் பண்ணுவ" என்றார். நான் அழவில்லை. அவர் பெற்ற பிள்ளைதானே.

ஒரு நாள் காலை பேச்சியம்மாள் வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக இரண்டு பேர் முகமும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு முழ தூரத்தில் இருந்தன. அப்பாதான் முதலில் பேசினார்.

"என்ன, இன்னும் மரந்தான் வேணுமா?"

"ஆமா."

"நான் போனதுக்கப்புறம் வந்து எடுத்துக்கோ."

"அப்ப வெரசாப் போங்க அண்ணாச்சி" என்றார் பேச்சியம்மாள்.

அப்பா சிரித்தார். எங்கள் யாரைப் பார்த்தும் அவர் அப்படி மனம்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை. இருமல் வந்து அடங்கியதும் என்னையும் தம்பியையும் கூப்பிட்டு, "அவ வந்து கேட்டாக் குடுத்துருங்க. முளையோட சேத்தே குடுங்க. குறுக்க நிக்காதீக" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கடைசியில் மனசு இளகிவிட்டது என்று தம்பி தெருவெல்லாம் சொன்னான். நானும் நம்பினேன். நம்ப வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அதற்குப் பிறகு அப்பா அதிக நாள் இருக்கவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். அப்பாவை மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்து தூக்கிச் சுமந்த தெரு இளைஞர்களுக்கு நன்றி. வேனை இலவசமாக அனுப்பிய டிரைவர் அண்ணனுக்கு நன்றி. உடனுக்குடன் சிதைக்கு விறகு ஏற்பாடு செய்த மாமாவுக்கும், சாப்பாட்டுக்குப் பொறுப்பு எடுத்துக்கொண்ட அத்தை வீட்டாருக்கும் நன்றி. இந்த மலரைத் தம் அச்சகத்திலேயே அடித்துக் கொடுத்து, இந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்துவிட்டு, "இதப் போடத்தான் வேணுமாம்மா?" என்று ஒரு தடவை மட்டும் கேட்ட என் முதலாளிக்கு நன்றி. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு அப்பாவின் கண்ணை மூடிவிட்ட அம்மாவுக்கு என்ன நன்றி சொல்ல?

கடைசியாகப் பேச்சியம்மாள் அவர்களுக்கு.

துக்க வீட்டில் இருந்து சாமான் எடுக்கக்கூடாது என்பதால் அவர் பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் பொறுத்தார். மறுநாள் காலை வேலைக்குப் போகிற சேலையிலேயே, கையில் ஒரு சாக்கோடு வந்தார். அவரை முதல்முறையாக வீட்டுக்குள் கூப்பிட்டோம். அம்மா நாற்காலி போட்டாள், அவர் உட்காரவில்லை. தம்பி கடப்பாரையை எடுத்து வந்து, சுவரோரம் வைத்து நெம்பினான்.

நெம்பக்கூட வேண்டியிருக்கவில்லை. கடப்பாரை முனை சோற்றில் இறங்குகிற மாதிரி உள்ளே இறங்கியது. பச்சைப் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே மரம் இல்லை. அடைத்து வைத்த காகிதத்தையும் பசையையும் தின்று தீர்த்துவிட்டு, கரையான் பழைய அழுகல் வழியாகப் புது மரத்துக்குள் ஏறி, அதையும் முடித்திருந்தது. வெறும் மண்ணும் தூளும் தரையில் கொட்டின. தம்பி பதறிப்போய் முளையைக் கையால் பிடித்தான். அது அப்பளம் மாதிரி விரலுக்குள் நொறுங்கியது.

பிறகு அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். "கடைசி மாசம் பூராவும் அவரு தலகாணியில தூளு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. என்னங்க இதுன்னு கேட்டேன். தூள எடுத்து விரலால நசுக்கிப் பாத்தாரு. பேசாமத் தட்டி விட்டுட்டுப் போ, யாருகிட்டயும் சொல்லாதன்னாரு."

அப்படியென்றால் அப்பாவுக்குத் தெரியும். ஒன்றும் இல்லை என்று தெரிந்துதான் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், தெரிந்துதான் அன்றைக்குச் சிரித்திருக்கிறார்.

பேச்சியம்மாள் குனிந்து தரையில் கிடந்த தூளை ஒரு கை அள்ளினார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரையும் இப்பிடித்தான் ஒரு சாக்குல போட்டுக் குடுத்தீக" என்றார். "அன்னைக்காச்சும் கொஞ்சம் கனமா இருந்துச்சு."

கையைத் தட்டிவிட்டு, வெறும் சாக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வேன் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.